விலாங்கு படுத்த ஊர்

…ஆறுன்னா சொன்னான்? அந்த வீட்டு ஏஜென்ட் ஹார்கிரேவ், வாய் கூசாம ஆறுன்னா சொன்னான்? 'அழகிய ஆற்றங்கரை நகரம்'னு பேப்பர்ல வேற போட்டிருக்கான், நானும் பார்த்தேன். ஏம்மா, பாலத்து மேல கார்ல வந்தீங்களே, ஆத்தைப் பார்த்தியா நீ? பார்த்திருக்க மாட்டே. ஒரு தும்மல் போட்டு முடிக்கறதுக்குள்ள பாலம் முடிஞ்சிடும். நான் திருச்சிக்காரி. எங்க ஊர்ல காவேரிப் பாலத்துல பஸ் ஏறினா, அந்தக் கரைக்குப் போறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரியோட ஒரு சண்டையை ஆரம்பிச்சு சமாதானமே ஆயிடலாம். இங்க என்னன்னா கொஞ்சம் சேறு, ரெண்டு வாத்து. அதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு மேப்பு, அதுக்கு ஒரு ஊரு. ஊரோட பேரையே பாரு… பரமட்டா! நடுவுல ஒரு 'ம'வைச் சேர்த்துப் படிச்சுப் பாரேன். பரம மட்டம்! நான் சொல்லல, அவங்களே வச்சுக்கிட்ட பேரு.

நான் யாருன்னு முழிக்கிறியா? பக்கத்து வீடு. வேதவல்லி. உன் வீட்டுக்காரர் கார்லேர்ந்து இறங்கினதும் 'கவனம், கவனம், படி இருக்கு'ன்னு உன்கிட்ட சொன்னாரே, அது காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான்! நாலு வருஷமா இந்த நார்த்மீட் தெருவுல ஒரு தமிழ்ச் சத்தம் கேட்டதில்லம்மா. கையில இருந்த ஈரப் புடவையை அப்படியே புல்லுல போட்டுட்டு இந்த வேலிக்கு ஓடி வந்தேன். எங்க வீட்டுக்காரர் தமிழ் பேசமாட்டாரான்னு கேக்கறியா? பேசுவாரு. 'சோறு', 'தண்ணி', 'எங்க என் கண்ணாடி?' இந்த மூணும் தமிழ்தானே. ரயில்வே ஒர்க்‌ஷாப்ல எஞ்சினியரு. மிச்சப் பேச்சையெல்லாம் எஞ்சின்கிட்ட பேசிட்டு வந்துடுவாரு.

உன் பேரென்ன? செல்வராணியா? அழகான பேரு. ஒரு வாரம் வச்சுக்கோ, அதுக்குள்ள ஆசை தீர அனுபவிச்சுடு. அப்புறம் பாதியை வெட்டிடுவாங்க. இந்த ஊர்ல யாருக்கும் பேரைக் கடைசி வரைக்கும் சொல்றதுக்கு மூச்சு கிடையாது. வேதவல்லிங்கற என்னை 'வால்'ங்கறாங்க. வால்! கல்யாணசுந்தரங்கற அவரைக் 'கால்'ங்கறாங்க. ஒருத்தர் கால், ஒருத்தி வால்… நடுவுல உடம்பைத்தான் காணோம். உன் வீட்டுக்காரர் பேரென்ன? நித்தியானந்தனா! போச்சு. 'நிட்'டும்பாங்க. நிட்டுன்னா இங்கிலீஷ்ல ஈரு. தலையில பேனோட வருமே, அந்த ஈரு. இப்பவே சொல்லி வை, ஆபீஸ்ல யாராவது கூப்பிட்டா கோவிச்சுக்கப் போறாரு.

என்ன சொன்னே? 'ஓம்'னா? ஓ, ஆமாங்கறதுக்கு ஓமா! நீங்க யாழ்ப்பாணமா? அதான் பார்த்தேன், நான் ஒண்ணு சொன்னா நீ ஓம்ங்கறே, இன்னொண்ணு சொன்னா ஓம்ங்கறே… ஏதோ பூஜையில உக்காந்த மாதிரி மனசுக்கு நிறைவா இருக்கு. எங்க வீட்டுல ஒரு 'உம்' வர்றதுக்கே நாலு தடவை கேக்கணும். அப்புறம், இந்த அன்ரி, ஆன்ட்டியைத்தானே சொல்றே, அப்படிக் கூப்பிடாதே. எனக்கென்ன அவ்வளவு வயசா ஆச்சு? அக்கான்னு கூப்பிடு. சரி, வாய்ல வரலைன்னா அன்ரியே இருந்துட்டுப் போகட்டும்.

இதைக் கேளு, உன் வீட்டுக்காரர் ஹார்கிரேவோட உள்ள வெந்நீர்க் குழாயைத் திருகிப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன். இந்த வீட்டை நீங்க எடுத்துக்கணும். ஆமா. கட்டாயம் எடுத்துக்கணும். லிட்கம்ல ஃபிளாட்டுல இருக்கீங்களாமே, ஹார்கிரேவ் சொன்னான், அதை விட்டுட்டு வந்துடுங்க. எனக்கும் இந்தத் தெருவுல ஒரு மனுஷி வேணும்மா. நேரா சொல்றேன், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. இதுக்கு முன்னாடி ராஜகுமாரின்னு ஒரு மலேசியாக்காரி வந்தா, பேருதான் தமிழு, பேச்செல்லாம் இங்கிலீஷ், தங்கமான பொண்ணு, நீ நிக்கற அதே இடத்துலதான் நின்னா. ஊரைப் பத்தி எல்லாம் விளக்கமாச் சொன்னேன். கடைசியில என்னமோ, வீடு வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தெலுங்குக் குடும்பம். அவங்களும் வரல. ஏன்னே தெரியல. ஊர் ராசி அப்படி.

அதனால நல்லதை மட்டும் சொல்றேன் உனக்கு. ஏன் சிரிக்கிறே? இங்க நல்லது இல்லையா என்ன? நிறைய இருக்கு. கடைத்தெருவை எடுத்துக்கோ. சர்ச் ஸ்ட்ரீட். நீளமான தெரு, எல்லாக் கடையும் அங்கயேதான், பஸ்ல ஏறினா இறக்கி விட்டுடுவான். என்ன ஒண்ணு, சனிக்கிழமை மத்தியானம் எல்லாத்தையும் மூடிடுவான். வாரம் பூரா வேலை பார்த்துட்டு சனிக்கிழமைதானேம்மா மனுஷன் கடைக்குப் போவான்? அப்பதான் மூடுவான். ஒரு தடவை வெங்காயத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன், லைட்டை அணைச்சுட்டான். 'திங்கட்கிழமை வா லவ்'ங்கறான். லவ்வாம்! அவன் வீட்டுக்காரியா நானு! வெங்காயத்தைப் பிடுங்கி வச்சுக்கிட்டுத்தான் லவ்.

ஞாயித்துக்கிழமை அமைதியா இருக்கும். அது ஒரு நல்ல விஷயம்தானே? ரொம்ப அமைதி. மயானத்துலகூட வெட்டியான் இருமுவான். இங்க புல் வெட்டற மெஷின் மட்டும்தான் இருமும். ஒரு வீட்டுல ஆரம்பிச்சா தெரு பூரா. வாரம் முழுக்கத் தண்ணி ஊத்தி வளர்க்கறாங்க, ஞாயித்துக்கிழமை வெட்டறாங்க, வெட்டினதை ஒரு மாட்டுக்கும் போடறதில்ல, மூட்டை கட்டி எறியறாங்க. இதுக்குப் பேரு பொழுதுபோக்கு. நம்ம வீட்டுப் புல் கொஞ்சம் வளர்ந்துச்சுன்னா போதும், போறவன் வர்றவனெல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி எட்டிப் பார்ப்பான்.

காத்து நல்ல காத்து. வசந்த காலத்துல கொஞ்சம் தலையை மூடிக்கணும், அவ்வளவுதான். மேக்பைன்னு ஒண்ணு, கறுப்பும் வெள்ளையுமா, காக்காய்க்குக் கன்னியாஸ்திரீ உடுப்பு போட்ட மாதிரி. எங்க கான்வென்ட் மதர் அக்னெஸ் மாதிரியே பின்னாலேர்ந்து வந்து மண்டையில ஒரே கொத்து. தபால்காரர் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில கவுத்துக்கிட்டு வருவாரு. நான் முக்காடு போட்டுக்கிட்டுப் போவேன். நீயும் பழகிக்குவே.

இந்த ஊர் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நம்ம அர்த்தம் இல்ல, அவங்க அர்த்தம். விலாங்கு மீன் படுத்திருக்கற இடமாம்! லைப்ரரியில ஒருத்தர் சொன்னாரு. மீனே நீந்தறதை விட்டுட்டுப் படுத்துடுச்சுன்னா மனுஷன் என்னம்மா பண்ணுவான்? எட்டு மணிக்கெல்லாம் ஊரு விளக்கை அணைச்சுட்டுப் படுத்துடும். ஃபுட்பால் டீமுக்கும் விலாங்குன்னுதான் பேரு. அவங்க தோத்தா அன்னிக்கு இந்தத் தெருவுல ஒருத்தரும் குட் மார்னிங் சொல்ல மாட்டாங்க. போன வருஷம் கலர் டிவி வேற வந்துடுச்சா, இப்ப துக்கத்தைக் கலர்லயே பார்க்கறாங்க.

என்ன? நல்லாக் கதைக்கிறேனா? ஏம்மா, இதுல எது கதை? அத்தனையும் உண்மை! ஓ… உங்க ஊர்ல பேசறதுக்கே கதைக்கிறதுன்னு பேரா. அப்பச் சரி. அப்ப நல்லாவே கதைக்கிறேன்.

இங்கிலீஷ் எப்படி உனக்கு? படிச்சிருக்கே இல்ல, நல்லாத்தான் இருக்கும். அதை மறந்துடு. நான் கான்வென்ட்ல எலக்யூஷன்ல மெடல் வாங்கினவ. மதர் அக்னெஸ் என் நாக்கை எத்தனை தடவை பென்சிலால தட்டித் திருத்தியிருக்காங்க தெரியுமா? அப்பேர்ப்பட்ட நாக்கை வச்சுக்கிட்டு இங்க கசாப்புக் கடைக்காரன்கிட்ட முட்டை கேட்டா, 'கம் அகெய்ன்?'ங்கறான். நானும் வெளியில போயிட்டு மறுபடி உள்ள வந்தேன். வேற என்ன பண்றது? வான்னுதானே சொன்னான்! திரும்பச் சொல்லுன்னு அர்த்தமாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

சமையல் சாமானைப் பத்தி நீ கவலையே படாதே. ஒண்ணும் கிடைக்காது. அதனால தேடி அலையற வேலையும் இல்ல. தேங்காய்னா டப்பாவுல மரத்தூள் மாதிரி ஒண்ணு இருக்கும். உளுந்துக்கு சிட்டிக்கு ரயில் ஏறணும். அரைச்சு வச்சா குளிர்காலத்துல தோசை மாவு பொங்குமான்னா பொங்காது. வெந்நீர் டேங்க் பக்கத்துல போர்வை சுத்தி வைக்கணும், பச்சைக் குழந்தையை வைக்கிற மாதிரி. ஒரு நாள் டொரீன் வந்து பார்த்துட்டு, 'வால், சுவத்துக்குப் பேப்பர் ஒட்டப் போறியா?'ன்னா. பசைன்னு நினைச்சுட்டா!

டொரீன் யாரா? இந்த வீட்டுல இருந்தவதான். உன் வீட்டுக்காரர் இப்ப உள்ள நிக்கறாரே, அது அவ குசினி… பார்த்தியா, உன்னைப் பார்த்ததும் எனக்கே சமையல்கட்டு போயி குசினின்னு வருது! அதோ அந்த எலுமிச்சை மரம் அவ வச்சது. நல்ல மனுஷி. ஒண்டிக்கட்டை, புருஷன் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. நாங்க வந்த புதுசுல ஒரு நாள், அந்தக் குடை மாதிரி சுத்துமே துணி காயப்போடற கம்பி, அதுல ஒரு ஓரத்துல என் பட்டுப் புடவையைப் பின்னு போட்டு மாட்டிட்டு இன்னொரு ஓரத்தைத் தேடறேன்… அடிச்சுது பாரு ஒரு காத்து! கம்பி கிறுகிறுன்னு சுத்த, புடவையும் சுத்த, நானும் புடவையோட சுத்த! காஞ்சிபுரத்துல பொட்டலம் கட்டின மாதிரி நிக்கறேன் நடுத்தோட்டத்துல. டொரீன்தான் ஓடி வந்து எதிர்ப்பக்கமாச் சுத்தி என்னைப் பிரிச்சு எடுத்தா. அப்படித்தான் பழக்கம். 

ஏன் வீட்டை விட்டுட்டுப் போனாளா? அது… அதை விடு. போனா. வயசான மனுஷி, க்வீன்ஸ்லாந்துல பொண்ணு இருக்கா, கூப்பிட்டா, போயிட்டா. வீட்டுல ஒரு குறையும் இல்ல. பேயா? அட போம்மா, இந்த ஊருக்குப் பேய்கூட வராது. வந்தாலும் சனிக்கிழமை மத்தியானத்தோட மூடிட்டுப் போயிடும்.

சரி, கேட்டுட்டே. சொல்றேன். நீயே நியாயம் சொல்லு. அவ எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு பேசுவா, பேசிட்டுக் கிளம்பறப்ப ஒவ்வொரு தடவையும் என்ன சொல்வா தெரியுமா? 'சீ யூ லேட்டர், வால்.' லேட்டர்னா என்ன? அப்புறம் பார்க்கறேன். அதானே? அப்ப அவ அப்புறம் வருவான்னுதானே நான் நினைப்பேன்? முதல் நாள் டிகாக்‌ஷன் போட்டு வச்சேன். மரத்தூள்ல சட்னி பண்ணி, வடை தட்டினேன். ராத்திரி வரைக்கும் வாசலைப் பார்த்தேன். வரல. சரி ஏதோ வேலைன்னு விட்டேன். மறுபடியும் 'சீ யூ லேட்டர்'. மறுபடியும் வடை. எங்க வீட்டுக்காரர் அந்த மாசம் பூரா ஊசிப் போன வடையா சாப்பிட்டாரு, பாவம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வர்றதா இருந்தா வரணும், வரலைன்னா சொல்லணும். ஒரு சொல்லுக்கு மரியாதை வேண்டாமா? அதுலேர்ந்து நான் கொஞ்சம் விறைப்பாத்தான் இருந்தேன். 

ஆனா நான் அப்படி இல்லம்மா. நான் அவ வீட்டுக்குப் போனா, கிளம்பறப்ப முறையாச் சொல்லிட்டுத்தான் வருவேன். 'போறேன்'னு சொல்லலாமா? அதுவும் ஒண்டியா இருக்கற மனுஷிகிட்ட? போயிட்டு வர்றேன்னுதானே நாம சொல்வோம்? அதையே இங்கிலீஷ்ல, ஒரு இலக்கணப் பிழை இல்லாம, 'ஐ வில் கோ அண்ட் கம், டொரீன்'னு சொல்லிட்டு வருவேன். மதர் அக்னெஸ் கேட்டா இன்னொரு மெடல் குடுத்திருப்பாங்க.

கடைசி நாளு. சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. நான் இங்கதான் நிக்கறேன், நீ இப்ப நிக்கற இடத்துல அவ நிக்கறா. எதுக்கு டொரீன் போறே, இங்க என்ன குறைன்னு கேட்டேன். பேச்சுத் துணைக்கு ஆளில்ல வால்ங்கறா! பேச்சுத் துணைக்கு! நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்! அப்புறம் சொல்றா, 'நீ ஒவ்வொரு தடவையும் போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவே. நான் கெட்டிலை அடுப்புல வச்சுட்டு, முன் கதவைச் சாத்தாம உக்காந்திருப்பேன். ஸ்கோன் ரொட்டி சுட்டு வச்சிருப்பேன். நீ வந்ததே இல்ல வால். உனக்குப் பிடிக்கல போலன்னு நானும் கேக்கல'ன்னா.

எப்படி இருக்கு கதை! அங்க அவ கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கா, இங்க நான் வடையை மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன்! நடுவுல என்ன கடலா, மலையா? ஒரு எலுமிச்சை மரம்! எனக்கு ஆத்தாமையும் கோவமும் சேர்ந்துக்கிட்டு வந்துச்சு. 'இதை இவ்வளவு நாள் வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா, வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன'ன்னு கத்திட்டேன். அவ தப்புதானே? இங்கிலீஷ் தெரியாத இங்கிலீஷ்காரி! அவ என் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தா. லாரியில ஏறி உக்காந்தா. உக்காந்துட்டுத் தலையை வெளிய நீட்டி என்ன சொன்னா தெரியுமா? 'சீ யூ லேட்டர், வால்!' க்வீன்ஸ்லாந்துக்குப் போறாம்மா அவ!

நான் அன்னிக்கு வடை தட்டல.

…எலுமிச்சம்பழம் கொட்டிக் கிடக்குது பாரு. பொறுக்க ஆளில்ல. நீ வந்தா ஊறுகா போடலாம்.

அதனாலதான் சொல்றேன், தமிழ்க்காரி பக்கத்துல வந்துட்டா இந்த வம்பே இல்ல. நீ ஒண்ணு சொன்னா எனக்குப் புரியும், நான் ஒண்ணு சொன்னா உனக்குப் புரியும். விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம். வெயில் காலத்தைப் பத்தி இன்னும் சொல்லலையே நான், இங்க கிறிஸ்மஸுக்குத்தான் வெயிலே, அப்ப சில்வண்டு கத்தும் பாரு, காதுக்குள்ள ரம்பத்தை விட்டு அறுக்கற மாதிரி, ஆனா அதுல ஒரு சௌகரியம் என்னன்னா ஈ சத்தம் கேக்காது… என்ன? என்னம்மா சொல்றே, மெதுவாச் சொன்னா எப்படி?

வெளிக்கா? வெளிக்கிடணுமா? அடப் பாவமே! இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம் ஒரு காலை மாத்தி ஒரு காலா நின்னுக்கிட்டிருந்தே! நான் வேற ஆறு, குழாய், தண்ணின்னு பேசிக்கிட்டிருக்கேன்! இதுல என்ன வெக்கம், பொம்பளைக்குப் பொம்பளை? உள்ள போ. டொரீன் வீடு எனக்குத் தலைகீழாத் தெரியும். குசினியைத் தாண்டி வலது பக்கம் ரெண்டாவது கதவு. தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும், மேல தூக்கித் திருப்பு. ஓடு, ஓடு. அவசரமில்ல, நிதானமாப் போயிட்டு வா, நான் இங்கயே நிக்கறேன். பள்ளிக்கூடத்தைப் பத்தியும் டாக்டரைப் பத்தியும் வந்ததும் சொல்றேன்!

…

செல்வராணி? …ஏம்மா, தாழ்ப்பாளைத் தூக்கினியா? …செல்வராணி! மாட்டிக்கிட்டாளோ என்னமோ. …அது யாரு காரு? வாசல்ல கார் கிளம்பற மாதிரி…

யெஸ், மிஸ்டர் ஹார்கிரேவ்? …ம்? …ஸாரி? கம் அகெய்ன்? …நோ, நோ, யூ ஸ்டே தேர், ஜஸ்ட் ஸே இட் அகெய்ன்! …ரியலி? …ரியலி! …தி வாட்? …ஓ. …ஐ ஸீ. …தாங்க் யூ.

ஏங்க! ஏங்க! அந்தப் பேப்பரை மடிச்சு வச்சுட்டு பின்பக்கம் வாங்க! வீட்டை எடுத்துக்கிட்டாங்களாம்! ஆமாங்கறேன்! யாழ்ப்பாணத்துப் பொண்ணு, செல்வராணின்னு, இவ்வளவு நேரம் இங்கதான் நின்னு பேசிக்கிட்டிருந்தா… சரி, நான்தான் பேசிக்கிட்டிருந்தேன், அவ ஓம் சொல்லிக்கிட்டிருந்தா. பாவம், வெளிக்கு வருதுன்னு உள்ள போனவ, என்ன அவசரமோ, அப்படியே கார்ல ஏறிட்டா. என்னது? என்ன சிரிப்பு? …வெளிக்கிடறதுன்னா கிளம்பறதா? யாரு சொன்னா உங்களுக்கு? உங்க ஒர்க்‌ஷாப் ஜெயரட்ணம் தினம் சாயங்காலம் சொல்வாரா? இத்தனை வருஷமா அந்த மனுஷனோட வேலை பார்க்கறீங்க, இதை ஒரு நாள் வீட்டுல வந்து சொல்றதுக்கு என்ன? கிளம்பறேன்னு மரியாதையாச் சொன்ன பொண்ணைப் போயி நான் கக்கூசுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கேன்! தாழ்ப்பாளை எப்படித் தூக்கறதுன்னு வேற!

சரி, போகட்டும். கோவிச்சுக்கல பாருங்க. வீடு வேணும்னுட்டாங்க. அடுத்த வாரமே வர்றாங்களாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டிருக்காங்களாம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இந்த வேலி இடுப்பு உசரம்தான் இருக்காம், இதை எடுத்துட்டு ஆறடிக்குப் பலகை அடிச்சுத் தரணுமாம். வீட்டுச் சொந்தக்காரங்களும் சரின்னுடுவாங்களாம். …எதுக்குச் சிரிக்கிறீங்க? சிரிக்காம சொல்லுங்க. அவ கேட்டிருக்க மாட்டா. அவன் கேட்டிருப்பான், அந்த நித்தியானந்தன். நாய் கீய் வளர்ப்பாங்களா இருக்கும். 

கட்டட்டுமே. ஆறடிதானே? ஷெட்டுல பழைய பலகை கிடக்குல்ல, அதை எடுத்து எனக்கு ஒரு ஸ்டூல் அடிச்சுக் குடுங்க. ஆடாம இருக்கணும், சொல்லிட்டேன். ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்கும்.